கடைசி வரிசை, நடு இருக்கை

"வணக்கம் சொல்லல."

இப்படிச் சொல்லிவிட்டு லெனோரா வாயை மூடிக்கொண்டால், எதிரே நிற்பவர் எவ்வளவு பெரிய பையைச் சுமந்து வந்தவராக இருந்தாலும் அடுத்த பதில் கிடைக்காது. பெரிய தீவிலிருந்து வந்த படகை இப்போதுதான் துறையில் கட்டியிருக்கிறார்கள். முதலில் இறங்கிய நீலத் தொப்பிக்காரன் வந்த வேகத்தில் "பஸ் எங்கே நிற்கும்?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டான். பாவம், வெளியூர்.

"என்ன சொன்னீங்க?" என்கிறான்.

"வணக்கம் சொல்லலன்னேன். நான் என்ன விளக்குக் கம்பமா? மனுஷிதானே? முதல்ல வணக்கம், அப்புறம் கேள்வி. மறுபடியும் ஆரம்பி, தங்கம்."

அவன் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்கிறான். அவ்வளவுதான், மடை திறந்துகொள்கிறது. பஸ் ரொட்டிக்கடைக்கு எதிரே நிற்கும். ஏறியதும் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு வணக்கம் போட வேண்டும், இல்லாவிட்டால் பேயைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். இறங்க வேண்டுமென்றால் மணி கிடையாது, கூரையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டு. நீச்சல் உடையோடு கடைத்தெருவுக்குள் வராதே. பையில் ராணுவப் புள்ளி போட்ட சட்டை இருந்தால் அடியிலேயே கிடக்கட்டும், இங்கே அது சட்டப்படி குற்றம். கடற்கரையில் குட்டிப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்க்கிற மரத்துக்கு மான்சினீல் என்று பெயர். கடிக்காதே, தொடாதே, முக்கியமாக மழைக்கு அதன் கீழே ஒதுங்காதே. அந்த மரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் பட்டாலே தோல் கொப்பளித்துவிடும்.

"அப்புறம், ஜாக் அயர்ன்னு ஒரு ரம் குடுப்பாங்க. ஐஸ் போட்டா மிதக்காது, முங்கிடும். நீயும் முங்கிடுவே. வேண்டாம்."

இத்தனைக்கும் அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. காரியாக்கூ தீவின் படகுத்துறையில், வாதாமரத்தின் கீழே, நீல ஐஸ் பெட்டியும் கண்ணாடி ஜாடியுமாக முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஜாடியில் சர்க்கரையும் மிளகாயும் சேர்த்துப் பிடித்த புளி உருண்டைகள். துணிக்குள் சூடாகப் பொரித்த ரொட்டி. பக்கத்தில் தட்டி வைத்த இஞ்சி. "உருண்டைக்குத்தான் காசு, யோசனை இனாம்" என்பாள். யோசனை வேண்டாம் என்று உருண்டையை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர் இதுவரை யாருமில்லை. அவள் விட்டால்தானே.

படகில் வருகிறவர்களின் முகத்தைப் படிப்பதுதான் அவளுடைய பெரிய வித்தை. யாராவது முகம் வெளிறி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினால், ஒரு துண்டு இஞ்சியை நீட்டிக்கொண்டே விசாரணை தொடங்கும். "எங்க உக்காந்தே? காலைல என்ன தின்னே? வழியெல்லாம் போனையே பாத்துட்டு வந்தியா?" இப்படி ஆயிரம் வாந்திகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் அந்த முடிவுக்கு வந்தாள். கீழ்த்தளம், கடைசி வரிசை, நடு இருக்கை. வயிற்றில் ஒரு காய்ந்த ரொட்டி, கன்னத்தில் இஞ்சி. தரையைப் பார்க்காதே, அலையையும் பார்க்காதே. படகின் பின்பக்கம் திறந்திருக்கும், அங்கே திரும்பி உட்கார். கடலும் வானமும் சேருகிற இடத்தில் ஒரு கோடு தெரியும். அதைப் பிடித்துக்கொள்.

"கோட்டை விட்டே, வயித்தை விட்டே" என்பது அவள் வாக்கு.

இந்த வாக்குக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரி உண்டு. படகில் கயிறு கட்டும் ஒத்னியேல். அவன் வேண்டுமென்றே பயணிகளை மேல்தளத்துக்கு, அதுவும் முன்வரிசைக்கு அனுப்புவான். "மேல போங்க, ஜிலுஜிலுன்னு காத்து வரும், ஆமை தெரியும், டால்ஃபின் தெரியும்" என்று கூவுவான்.

"ஆமை தெரியும், டால்ஃபின் தெரியும், அப்புறம் காலைல தின்ன மீனும் தெரியும்" என்று துறையிலிருந்து லெனோரா கத்துவாள்.

"படகுல ஏறாத பொம்பளைக்கு வாயைப் பாரு!"

"ஏறினதாலதான்டா இறங்கிட்டேன்!"

துறையே சிரிக்கும். ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்த கதை அது. ஊருக்கெல்லாம் கடல் பயணத்துக்கு யோசனை சொல்லும் லெனோரா, கடலைக் கடந்தது ஒரே ஒரு தடவை. சித்தி மகள் கல்யாணத்துக்காகப் பெரிய தீவுக்குப் போனாள், பத்தொன்பது வயதில். நடுவழியில், தண்ணீருக்கு அடியில் எரிமலை இருக்கிற இடத்தில், கடல் எப்போதும் ஒரு ஆட்டம் ஆடும். எங்கள் ஊரில் அந்த இடத்துக்கு ஜென்னி என்று பெயர். அன்றைக்கு ஜென்னிக்கு என்ன கோபமோ தெரியவில்லை. புதுத் தொப்பி கடலில் போனது, புதுச் சட்டை பாழானது. படகின் தரையில் சுருண்டு கிடந்தவள், அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்த ஒத்னியேலின் காலைப் பிடித்துக்கொண்டு, "புண்ணியமாப் போகும், என்னைத் தூக்கிக் கடல்ல போட்டுடு" என்று கெஞ்சினாள். கல்யாணம் முடிந்தும் திரும்பி வர மனசே வரவில்லை. சித்தி வீட்டிலேயே டேரா போட்டு, அவர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்த பிறகு, கடல் கண்ணாடியாகக் கிடந்த ஒரு நாளில் சரக்குக் கப்பலில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அதோடு சரி. விமானத்தில் போகலாமே என்றால், "மிதக்கிறதே எனக்கு ஒத்துக்கல, இதுல பறக்கணுமா?" என்பாள்.

போன வருஷம் மழைக்காலத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. படகுக்காரர்கள் நனைந்த மழைக்கோட்டையும் தொப்பியையும் துறைக் கம்பத்தில் காயப் போட்டிருந்தார்கள். லெனோரா அதைப் பார்த்து, "வணக்கம்" என்றாள். பதில் இல்லை. கொஞ்சம் உரக்க, "வணக்கம்" என்றாள். அதற்கும் இல்லை.

"காது கேக்காதா? வயசுல பெரியவ ரெண்டு தடவை சொல்றேன், வாயில என்ன கொழுக்கட்டையா? இதுதான் உன்னை வளத்த லட்சணமா?"

முதலில் துறை முழுக்கச் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். ஒத்னியேல் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் நடந்து போனான். மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான், தொப்பியையும் வைத்துக்கொண்டான். கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, "வணக்கம் லெனோரா. மன்னிச்சுக்க, நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டேன்" என்றான்.

லெனோரா முட்டாள் இல்லை. ஜாடியைத் துழாவி ஒரு புளி உருண்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். காசு கேட்கவில்லை.

மருத்துவமனைக்கு வந்துபோகும் கண் டாக்டர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது. பெரிய தீவில் அறுவை செய்தால் பார்வை திரும்பும், தள்ளிப் போடப் போடச் சிக்கல்தான் என்றார். லெனோரா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். படகுப் பந்தயத் திருவிழா முடியட்டும் என்றாள். அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் வரட்டும் என்றாள். கிறிஸ்துமஸும் வந்தது, போனது. "உக்காந்த இடத்துலேருந்து எனக்கு எல்லாம் தெரியுது, எதுக்குக் கண்ணு?" என்று சொல்லி, கேட்டவர்களை விரட்டினாள். கடலுக்குப் பயந்துதான் போகாமல் இருக்கிறாள் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

பிறகு ஒரு தூறல் நாளில் ஒரு பெண் வந்தாள். வெளிநாட்டுப் பெண், சின்ன வயது, அழகாக வணக்கம் சொல்லி, எல்லா யோசனைகளையும் கேட்டுக்கொண்டு போனாள். கேட்டு என்ன, தூறல் வலுத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. துறைக்குப் பக்கத்திலேயே, கடற்கரை முனையில் நிற்கிற மான்சினீல் மரத்தின் கீழே போய் ஒதுங்கினாள். வாதாமரத்திலிருந்து நேர் எதிரே தெரிகிற இடம். முன்பெல்லாம் யாராவது அந்த மரத்துப் பக்கம் காலெடுத்து வைத்தாலே லெனோராவின் கூச்சல் படகு வரைக்கும் கேட்கும். அன்றைக்கு அவள் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொட்டிக்கடைக்காரி ஓடிப்போய் இழுத்து வருவதற்குள் அந்தப் பெண்ணின் தோளெல்லாம் கொப்பளித்துவிட்டது.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மருந்து போட்டார்கள், ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. "நீங்க சொன்னீங்க, நான்தான் மறந்துட்டேன்" என்று அந்தப் பெண்ணே வந்து சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் லெனோராவுக்குச் சோறு இறங்கவில்லை. "என் கண்ணு முன்னாலயே நின்னிருக்கா, என் கண்ணு முன்னாலயே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுநாள் படகு கட்டியதும் ஒத்னியேலைக் கூப்பிட்டாள்.

"வணக்கம். எனக்கு ஒரு டிக்கெட் போடு."

அவன் மேல்தளமா கீழ்த்தளமா என்று கேட்க வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

கிளம்பிய காலையில் துறையில் ஒரே கூட்டம். முப்பது வருஷமாக வாங்கியதையெல்லாம் ஊர் வட்டியோடு திருப்பிக் கொடுத்தது.

"அத்தே, அங்க பஸ்ல ஏறினா எல்லாருக்கும் வணக்கம் சொல்லணும், தெரியுமா?" இது ரொட்டிக்கடைக்காரி.

"என்கிட்டயேவாடி?"

"கூரையில ரெண்டு தட்டு. ஓட்டை போட்டுடாதீங்க!" இது பஸ் ஓட்டுகிறவன்.

"அத்தே, ராணுவச் சட்டை ஏதும் பையில இல்லியே? நீச்சல் உடையோட ஆஸ்பத்திரிக்குள்ள போயிடாதீங்க, டாக்டருக்குக் கண்ணு கெட்டுடும்!"

"உங்க எல்லாரையும் கண்ணு தெரிஞ்சப்புறம் கவனிச்சுக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். சின்னக் குப்பியிலிருந்து கொஞ்சம் ரம், கொஞ்சம் தண்ணீர், இரண்டையும் தரையில் ஊற்றி, மண்ணுக்குள் இருக்கிற பெரியவர்களைக் கூப்பிட்டாள். "அம்மா, அப்பா, போயிட்டு வர்றேன். ஜென்னிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

கீழ்த்தளம், கடைசி வரிசை, நடு இருக்கை. முன்னாலேயே ஒத்னியேல் அங்கே ஒரு துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான். அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, பின்பக்கமாகத் திரும்பி, இஞ்சியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். துறை பின்னால் போயிற்று. முதல் அரைமணி நேரம் நல்ல பிள்ளையாகத்தான் போனது.

பிறகு ஜென்னி வந்தாள். படகை ஒரு தூக்குத் தூக்கி ஒரு போடு போட்டாள். மேல்தளத்தில் யாரோ வீரிட்டார்கள். லெனோரா இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, சொன்னதை எல்லாம் செய்தாள். தரையைப் பார்க்கவில்லை. அலையைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்திக் கோட்டைத் தேடினாள். எதிரே வெறும் பால் வெள்ளை. கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. இடது பக்கம் தேடினாள், வலது பக்கம் தேடினாள். ஆயிரம் பேருக்கு அவள் காட்டிக்கொடுத்த கோடு அவளுக்கு மட்டும் இல்லை.

"ஒத்னியேல்! கோடு எங்கடா இருக்கு? டேய், கோடு எங்கடா?"

கயிற்றுக் குவியலைத் தாண்டி வந்து அவன் அவளுக்கு எதிரே குந்தினான்.

"வணக்கம் சொல்லல" என்றான்.

லெனோராவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது.

"வணக்கம், ஒத்னியேல்."

"வணக்கம், லெனோரா."

கயிறு இழுத்துக் காய்த்துப்போன கையால் அவள் முகவாயைப் பிடித்துக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பி நிறுத்தினான். படகு எழுந்தபோது அந்த முகத்தை மெல்லத் தாழ்த்தினான், படகு இறங்கியபோது மெல்ல உயர்த்தினான். கோடு போகிற இடத்துக்கெல்லாம் அவள் முகத்தைக் கொண்டுபோய்க்கொண்டே, தன் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்ப விடாமல், பெரிய தீவின் மலை தெரிகிற வரைக்கும் அப்படியே குந்தியிருந்தான்.