ஈரத்தின் மேல் மெழுகு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்துகொண்டிருந்தேன். காலையில் உரித்துப் போட்ட மஞ்சள் மெழுகு இன்னும் நகக்கண்ணில் இருந்தது. எனக்கு முன்னால் அக்கா விறுவிறுவென்று போனார். சொந்த அக்கா அல்ல. ராயபுரத்துக்காரர், என்னோடு வேலை பார்த்தவர். அரைமணி நேரத்துக்கு முன்புதான் இருவருக்கும் வேலை போயிருந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்று ஊர் ஊராகத் திரிந்தவன் நான். எனக்கு அது புதிதல்ல. அக்கா அந்த வேலையை நம்பி மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்தார்.

தண்டையார்பேட்டையில் ஒரு பழைய கிடங்கைக் குளிரூட்டி முதலாளி சீஸ் செய்துகொண்டிருந்தார். வெளிநாட்டில் இரண்டு வாரம் வகுப்புக்குப் போனவர். அந்த இரண்டு வாரத்தைப் பற்றி இரண்டு வருடம் பேசினார். சீஸ் என்று சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஒரு சீஸ் வட்டைப் புரட்டிவைக்க அவர் குனிந்து நான் பார்த்ததில்லை.

குனிந்தவர் அக்காதான். ஒவ்வொரு வட்டையும் தினமும் புரட்டி, உப்புத்தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, தோல் கட்டும்வரை பொறுத்திருப்பார். பிறகு அதன்மேல் சாம்பல் நிறத்தில் பூசணம் படரும். முதல் தடவை நான் முகம் சுளித்தபோது, “கலீஜ் இல்லடா, சட்ட போட்டுக்கினு கீது” என்றார். முதலாளிக்கு அந்தச் சட்டை பிடிக்கவில்லை. போட்டோ எடுக்க ஆள் வரப்போகிறது, எல்லாம் பளபளவென்று இருக்கவேண்டும் என்று, செய்து நான்கே நாளான நாற்பது வட்டுகளுக்கும் மெழுகு பூசச் சொன்னார்.

“சார், இன்னும் ஈரமா கீது சார். தோலே கட்டல. உள்ள தண்ணி வுடும்.”

“உனக்கு என்னம்மா தெரியும்? அந்த ஊர்ல எல்லாரும் பூசத்தான் செய்யறாங்க.”

பூசுகிறார்கள்தான். தோல் காய்ந்த பிறகு பூசுகிறார்கள். அப்போது வட்டு வற்றாது, வெடிக்காது. அந்தப் பாடம் நடந்த அன்று இவர் ஊர் சுற்றிப் பார்க்கப் போயிருப்பார். மெழுகை உருக்கிப் பூசியவன் நான். “பூசி மெழுகறதுன்னா இதான் போல” என்று அக்கா மட்டும் முணுமுணுத்தார். படம் அழகாக வந்தது.

இரண்டு மாதத்தில் மெழுகு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஓட்டல்காரர் ஒருவர் ருசிபார்க்க வந்த காலையில் உரித்தோம். உள்ளே கொழகொழவென்று தண்ணீர், மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம், நாக்கில் வைத்தால் கசப்பு. பழியைத் தள்ளிவிட முதலாளிக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

“மீன்காரக் குடும்பம் சார் இவங்க. கையைச் சரியா கழுவியிருக்க மாட்டாங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ பார்த்தல்ல?”

அக்கா கீழ்த்தட்டின் மூலையிலிருந்து, தெருவில் கிடந்த கல்லைப்போல இருந்த ஒரு வட்டைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். “ஒண்ணு மட்டும் பூசல சார். அதாச்சும் பொழைக்கட்டும்னு ஒளிச்சு வச்சேன்.”

வெட்டினால் உள்ளே சந்தன நிறம், வறுத்த வேர்க்கடலை வாசம். ஓட்டல்காரர் ஒரு துண்டு தின்றார், இன்னொன்று கேட்டார். “இது யார் செஞ்சது?”

“என்னோட தனி முறை சார்” என்றார் முதலாளி, கண்ணை மூடிக்கொண்டு.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. “பூசச் சொன்னது நீங்க. பூசுனது நான். பூசாம காப்பாத்துனது அக்கா.”

எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார். ஓட்டல்காரர் மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எண்ணூரில் ராட்சதக் குழாய்களுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் எடுத்தார்கள். அக்காவும் வந்திருந்தார். நான் பிரஷ்ஷை டப்பாவில் முக்கியதுமே மேஸ்திரி கத்தினார்.

“இன்னா மாமு அவசரம்? பனி ஈரம் காயல, அதுக்குள்ள அடிச்சா உள்ளயே துரு தின்னுகினு கெடக்கும். வெயில் ஏறட்டும், மொதல்ல சுரண்டு.”

அக்கா என்னைப் பார்த்தார். “இவரு எந்த நாட்டுக்குப் போயி படிச்சாராம், கேளு.”

வெயில் ஏறும்வரை இருவரும் துருவைச் சுரண்டினோம்.