சிங்கப்பூரில் இருக்கும் ஆண்டிச்சாமி

எங்கள் ஊரில் ஆண்டிச்சாமியைச் 'சிங்கப்பூரார்' என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிறவன் ஒருத்தனும் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போனவன் இல்லை.

அவர் என் தங்கை அழகியைக் கட்டியவர், எனக்கு மச்சான். கல்யாணமான மறுவருஷம், நாற்பத்தெட்டில், நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். இங்கே மழை இல்லை, கடலை காய்ந்து போயிருந்தது. அங்கே ஜப்பான்காரன் சண்டையில் நொறுங்கிய ஊரைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டியிருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ரப்பர் கட்டு, மிளகு, கருவாடு என்று என்ன வந்தாலும் தூக்க வேண்டும். தோளில் ஏற்றுமுன் மூட்டையைக் குத்தி இழுக்க ஓர் இரும்புக் கொக்கி வைத்திருந்தார்.

லீவில் வந்தபோது அந்த ஊர்க் கதையை வாய் ஓயாமல் சொல்வார். படகில் சீனர், லாரியில் மலாய்க்காரர், கணக்கில் மலையாளி, வாசலில் காவலுக்குப் பஞ்சாபி, மூட்டைக்கு அடியில் நாம். "ஆளுக்கொரு பாசை மச்சான். ஆனா சங்கு ஊதுனா எல்லாரும் ஒண்ணாத்தான் ஓடுவோம்" என்பார். அந்த ஊர்மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை. 'எங்க ஊரு' என்று அவர் சொன்னால் எந்த ஊரைச் சொல்கிறார் என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

ஐம்பத்து நாலில் லீவுக்கு வந்தவர் சும்மா இருந்தாரா? மேட்டுக் கொல்லையில் கிணறு வெட்டுகிறேன் என்று இறங்கினார். வேட்டு வைத்த பாறை ஒன்று எகிறி வந்து காலை முறித்துப் போட்டது. கட்டுப் பிரித்து எழுந்து நடக்க ஆறு மாதமாவது ஆகும் என்றார் வைத்தியர். சிங்கப்பூருக்குத் திரும்பிப் போக வாங்கியிருந்த பெர்மிட்டின் கெடுவோ அடுத்த மாதம் முடிகிறது. அதற்குள் திரும்பாவிட்டால் கதவு சாத்தியாயிற்று. புது ஆளை உள்ளே விடுவதில்லை என்று அந்த ஊரில் சட்டம் வந்துவிட்டிருந்தது. நொறுங்கிக் கிடந்தபோது எல்லாரையும் வாவா என்றவர்கள், நிமிர்ந்து நின்றதும் யார் நீ என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் கண்மாய்த் தண்ணீருக்கு முறை உண்டு. வீட்டுக்கு இத்தனை நாழிகை என்று. முறைக்கு அண்ணன் வர முடியாவிட்டால் தம்பி மண்வெட்டியோடு வந்து மடை திறப்பான். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முறை வீட்டுக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல. இந்தக் கண்மாய்ப் புத்தியைக் கப்பலேற்றியவர் மச்சானேதான். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே தம்பி குழந்தைசாமியைக் கூப்பிட்டார்.

"என் முறைய நீ பாத்துட்டு வாடா. ரெண்டு வருசம். அப்பறம் நான் போறேன்."

"பாஸ்போர்ட்டுல ஒன் போட்டோ இருக்கேண்ணே" என்றான் குழந்தைசாமி.

ஊரே போட்டோவை வாங்கிப் பார்த்தது. பாஸ்போர்ட்டுப் போட்டோவில் எல்லாரும் திருடன் மாதிரிதான் இருப்பார்கள். அண்ணன் தம்பிக்கு ஒரே மூக்கு, ஒரே நெற்றி. போதும் என்று சொல்லிவிட்டார்கள். "இது கண்மாய் இல்லை, கவர்மெண்டு" என்று கத்தியவன் நான் ஒருத்தன்தான். பெண் கொடுத்த வீட்டுக்காரன் அதிகம் பேசக் கூடாது என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். குழந்தைசாமி அண்ணன் பேரோடும் அண்ணன் கொக்கியோடும் கப்பலேறிப் போனான்.

ஆறு மாதத்தில் கால் கூடிவிட்டது. அன்றிலிருந்து மச்சான் காத்திருக்க ஆரம்பித்தார். டிரங்குப் பெட்டியில் ரெண்டு கால்சட்டை, ரெண்டு சட்டை எடுத்து வைத்துப் பூட்டினார். பாதி வெட்டிய கிணறு அப்படியே கிடந்தது. கூரை மாற்றவில்லை, மாடு வாங்கவில்லை, குத்தகைக்கு நிலம் கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் "நான் போறவன்தானே" என்பார். அழகி கூலிக்குக் களை எடுத்துச் சோறு போட்டாள். பிள்ளையும் இல்லை. ரெண்டு வருஷம் நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. குழந்தைசாமி பணம் அனுப்பினான், வரவில்லை.

அறுபத்து மூன்றில் வந்தான். பெண்டாட்டியோடும் ரெண்டு வயசுப் பையனோடும் வந்தான்.

பெண்டாட்டி பேர் செங்கமலம். பெற்றவர்கள் சீனர்கள். சண்டைக் காலத்தில் வளர்க்க வழியில்லாமல் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் கைக்குழந்தையாகக் கொடுத்துவிட்டார்களாம். முகம் சீனத்து முகம். வாயைத் திறந்தால் நம்மைவிடச் சுத்தமான தமிழ். பார்க்க வந்த ஊர் அசந்து போய் நின்றது. நல்ல பெண், அதையும் சொல்ல வேண்டும். வந்த அன்றே அழகியோடு உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, "ஆண்டிச்சாமிக்குக் காரமே ஆகாதுக்கா" என்றாள். அழகி கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

என் தங்கை புருஷன் பேரை வாயால் சொன்னதே இல்லை. ஓட்டு எழுத வந்தவன் கேட்டதற்கு, "பழனியில கோவணத்தோட நிக்கிறாரே, அவரு பேரு" என்று சொன்னவள். அந்தப் பேரை இன்னொருத்தி வெறும் வாயில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாம்பலைத் தொட்டுப் பாத்திரம் தேய்க்கிறாள்.

மறுநாள் காலையில் கண்மாய்க்கரைக்குத் தம்பியைக் கூட்டிப் போனார் மச்சான். நானும் போனேன்.

"ரெண்டு வருசம்னு போன. நான் ஒண்ணும் கேக்கல. இனிமே நான் போறேன், நீ இங்கிட்டு இருந்து நெலத்தப் பாரு."

குழந்தைசாமி கரையில் குந்திக்கொண்டான். "எப்படிண்ணே போவ? அங்க எனக்குக் குடியுரிமை குடுத்துட்டாங்க. எட்டு வருசம் அந்த ஊர்ல இருந்தவனுக்குத்தான் குடுத்தாங்க. நீ நாப்பத்தெட்டுல போனத வச்சு எனக்குக் கெடச்சுச்சு."

"அப்ப அது என்னோடதுதானே?"

"ஒன்னோடதுதான். ஆனா அதுல இருக்க மூஞ்சி இப்ப என்னோடது."

மச்சான் அதற்கும் அசரவில்லை. "அப்பன்னா தம்பின்னு சொல்லி என்னையக் கூப்பிட்டுக்க. கொக்கி இருக்குல்ல? எனக்கு வேலை மறக்கல."

"கொக்கியெல்லாம் எங்கேயோ போச்சுண்ணே. நான் இப்ப கிரேன் ஓட்டுறேன். சதுப்பு நெலத்தயெல்லாம் மேடாக்கிப் பேக்டரி கட்டுறாங்க. அடுக்கு வீடு குடுக்குறாங்க. புது ஆளு யாரையும் விடமாட்டாங்க." பிறகு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான் ஆண்டிச்சாமி இல்லன்னு தெரிஞ்சா என்னைத் தூக்கி வெளிய போட்டுருவாங்க. அவளுக்கே தெரியாதுண்ணே. அவகிட்ட எங்க அண்ணன் பேரு குழந்தைசாமின்னு சொல்லியிருக்கேன். கெடுத்துராதண்ணே."

அவன் கெட்டவன் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ரெண்டு அறை வைத்திருப்பேன். தோள் தேய மூட்டை சுமந்து அந்தத் துறைமுகத்தைத் தூக்கி நிறுத்தியவர் இங்கே நிற்கிறார். அந்த வருஷங்களுக்குக் கூலியாக ஒரு ஊரே கிடைத்திருக்கிறது, தம்பிக்கு. மச்சான் கையை விடுவித்துக்கொண்டு, "சரி, வா, வெயிலு ஏறுது" என்றார்.

கடலில் புயல் பிடித்தபோது குழந்தைசாமி குன்றாண்டார்கோவிலுக்கு ஒரு அர்ச்சனை நேர்ந்திருந்தானாம். வாடகைக் காரில் எல்லாரும் போனோம். பாறையைக் குடைந்த கோயில், உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. குருக்கள் எங்களை அறியாதவர். யார் யார் பேருக்கு என்று கேட்டார்.

செங்கமலம் முந்திக்கொண்டாள். "ஆண்டிச்சாமி. அவங்க சம்சாரம் செங்கமலம். மகன் அழகுமலை." சொல்லிவிட்டு மச்சான் பக்கம் பாசமாகத் திரும்பினாள். "எங்க மாமா பேருக்கும் பண்ணுங்க சாமி. குழந்தைசாமி."

தம்பி தரையைப் பார்த்தான். அழகி புருஷனைப் பார்த்தாள்.

"நட்சத்திரம் சொல்லுங்கோ" என்று குருக்கள் மச்சானைக் கேட்டார். "உங்களுக்குத்தானே, குழந்தைசாமி?"

"ஆமாங்க" என்றார் மச்சான். "நட்சத்திரம் தெரியாதுங்க."

அவர் நட்சத்திரம் ரோகிணி என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானுந்தான் திறக்கவில்லை, திறந்தால் அந்தச் சீனத்துப் பெண்ணின் தலையில் அல்லவா இடி விழும்! மணி அடித்தது. எங்கள் சாமியின் சன்னதியில், எங்கள் மண்ணில், ஆண்டிச்சாமி பேருக்கும் அவன் பெண்டாட்டி பேருக்கும் அவன் மகன் பேருக்கும் பூப் போட்டார்கள். அழகி பேரைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

திருநீறு வாங்கியதும் மச்சான் வெளியே வந்தார். காருக்குப் போகாமல் ரோட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். கூடிய கால் லேசாகச் சாய்ந்தது. அழகி வாசலில் நின்று, "இங்க பாருங்க" என்று கூப்பிட்டாள். நிற்கவில்லை. "இந்தாங்க, ஒங்களத்தான்!" என்றாள். அதற்கும் நிற்கவில்லை.

என் தங்கை வாழ்க்கையில் முதல்முறையாக, வயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஆண்டிச்சாமி!"

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தைசாமி சட்டென்று திரும்பி, "என்ன மதினி?" என்றான்.

மச்சான் திரும்பவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல ரோட்டோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.