கடைசி பெஞ்சில் ஒரு விடை

நாற்பத்து நான்கு வயதில் அல்ஜீப்ரா படிக்கப் போனேன். கிளினிக்கில் வரவேற்பு மேசையிலிருந்து மருந்துப் பிரிவுக்கு மாற ஒரு டிப்ளமோ வேண்டும். அதில் சேர அடிப்படை அல்ஜீப்ரா தேறியிருக்க வேண்டும். பர்மாவில், தின்கன்ஜூன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால், பெரியவர்களுக்கான ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறு காலைகளில் அந்த வகுப்பு நடந்தது.

“தனியாப் போக வேணாம். நானும் வர்றேன்,” என்றார் கணவர். அவர் அலோனில் ஒரு கிடங்கில் லாரிகளுக்குச் சுமை ஏற்றும் மேஸ்திரி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். முதல் நாள் மழை பெய்ததால், வெளியே காத்திருந்தவரைக் கூப்பிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பிறகு அது அவர் இடமாகிவிட்டது.

ஆசிரியைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பர்மிய வழக்கப்படி சாயாமா, அதாவது டீச்சர், என்று கூப்பிடுவோம். மூன்றாவது வாரம் பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதி, எக்ஸ் எவ்வளவு என்று கேட்டார். நாங்கள் பதினொரு பேரும் நோட்டைப் பார்த்தோம். பின்னாலிருந்து “ஏழு” என்று குரல் வந்தது.

“எப்படி ஊலே?” என்றார் சாயாமா, மாமா என்று அழைக்கும் மரியாதையோடு.

“இந்தப் பக்கம் மூணு எறக்கினா அந்தப் பக்கமும் மூணு எறக்கணும். இல்லேன்னா வண்டி சாஞ்சிரும்,” என்று பர்மியத்தில் விளக்கினார் கணவர்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

தேர்வன்று ஒருவர் வரவில்லை. சும்மா இருக்கிறாரே என்று, மிஞ்சிய தாளைச் சாயாமா கணவரிடம் கொடுத்தார். தேற நாற்பது வேண்டும். எனக்கு முப்பத்தெட்டு. அவருக்கு எண்பத்தொன்று.

“பேரு பதியாததுனால சர்ட்டிபிகேட் தர முடியாது ஊலே.”

“எனக்கு எதுக்கும்மா,” என்றார். ஆனால் விடைத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் சோறு மட்டும் போட்டேன். மூன்றாம் நாள் நோட்டை அவர் முன்னால் வைத்தேன்.

“எங்க புரியல?”

“எல்லா எடத்துலயும்.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு மாதம், வேலை முடிந்து வந்து, என் நோட்டு முழுக்க லாரி வரைந்தார். அவருக்கு இவ்வளவு பொறுமை உண்டென்று இருபது வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரியாது. மறுதேர்வில் ஐம்பத்தாறு வாங்கி டிப்ளமோவில் சேர்ந்தேன்.

அடுத்த பருவத்துக்கு அவரும் விண்ணப்பம் வாங்கி வந்தார். ‘படிக்கும் காரணம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று கேட்டார்.

“பிடிச்சிருக்குன்னு எழுதுங்க.”

அப்படியே எழுதினார்.