எழுபது கிலோ கூடுதல்

எதையும் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டுக் கூட்டிப் பார்க்காமல் நம்பாத ஆள் நான். அம்மா எனக்கு ஜாதகம் பார்த்துவிட்டு வந்தபோதே "இதுக்கு டேட்டா எங்கம்மா?" என்று கேட்டு அடி வாங்கியவன். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், போன வருஷம்வரை நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது. பட்டப்பகலில், பெங்களூரு பீன்யாவில், லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போகிற தெருவில்.

எனக்கும் மனைவி நித்யாவுக்கும் ஐ.டி. வேலை, ஈஜிபுராவில் வாடகை வீடு, மூச்சுவிட ஒரே வழி ஊர் சுற்றுவது. பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று வாங்கி, பெரிய டயர், கூரைமேல் கேரியர், பின்னால் இழுவைக் கொக்கி என்று ஒவ்வொன்றாக மாட்டினேன். அடுத்தது கேம்பர் டிரெய்லர், அதாவது ஜீப் இழுத்துக்கொண்டு போகிற குட்டி வீடு. பக்கவாட்டில் ஒரு கதவு, உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், கூரையில் சோலார், பின்பக்கம் மேல்நோக்கித் திறக்கிற மூடி, அதைத் தூக்கினால் அடுப்பும் சின்க்கும். அதில் போகிற ஒவ்வொரு பொருளின் எடையும் என் ஷீட்டில் இருந்தது. மலைப்பாதையில் இறங்கும்போது பின்னால் வருவது ஜீப்பைத் தள்ளிவிடக் கூடாது, எடை தப்பினால் பிரேக் தாங்காது, அப்புறம் பள்ளம்தான். நித்யா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: "கணக்கு சரியா வந்தா வரேன். இல்லேன்னா நீ மட்டும் போ, இன்சூரன்ஸ் பேப்பர் எங்க இருக்குன்னு சொல்லிட்டுப் போ." சனிக்கிழமை கிளம்புவதாக இரண்டு பேரும் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.

டிரெய்லரைக் கட்டியவர் ஆரோக்கியம் அண்ணன். கே.ஜி.எஃப்.காரர், அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பீன்யாவில் தனியாக ஒரு வெல்டிங் ஷெட் வைத்திருக்கிறார். அந்த ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. சுவரில் ஒரு பலகை, அதில் மூன்று பித்தளை வில்லைகள். டிரெய்லருக்குள் யார் நுழைந்தாலும் ஒரு வில்லையை எடுத்து அதன் கதவோர ஆணியில் மாட்டிவிட்டு நுழைய வேண்டும். ஆணியில் வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருப்பதாக அர்த்தம், வண்டியை அசைக்கக் கூடாது. சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் இப்படி ஏதோ செய்வார்களாம்.

உட்புறம் பலகை அடித்து முடித்த அன்று, படுத்துப் பார்க்க அவசரமாக ஏறப் போனவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"வில்லை, சார்."

"ரெண்டு நிமிஷம்தாண்ணா."

"ரெண்டு நிமிஷம்னாலும் உள்ளதானே இருப்பீங்க? மாட்டிட்டுப் போங்க. வெளிய வந்தா நீங்களே எடுக்கணும். மாட்டினவன்தான் எடுக்கணும், நான் தொடமாட்டேன்."

மாட்டினேன். உள்ளே போய்ப் படுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் விளக்கு எங்கே வர வேண்டும் என்று கூரையில் ஒரு புள்ளி வைத்தேன். அப்போது போன். மேனேஜர். தகரப் பெட்டிக்குள் பேச்சு விட்டு விட்டுக் கேட்டது. அடுப்புப் பக்கத்துத் தடுப்பு அன்றைக்கு இன்னும் போடவில்லை, பின்பக்கம் திறந்தே கிடந்தது, அந்த வழியாகவே தவழ்ந்து இறங்கிப் பேசிக்கொண்டே தெருவுக்கு வந்து அப்படியே ஆபீஸுக்கு ஓடிவிட்டேன். பென்சிலைத் தொலைத்தது மட்டும் மாலையில் ஞாபகம் வந்தது. வில்லை ஞாபகமே இல்லை. அண்ணனும் அன்றே பெண் கல்யாணத்துக்காக ஷெட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். சாவி அவரிடம்.

எட்டு நாள் பூட்டிக் கிடந்தது. ஒன்பதாம் நாள் காலை அவர் வந்து, பின்பக்கமாகவே நின்று தடுப்பைப் பொருத்திவிட்டுக் கூப்பிட்டார். நான் பறந்து போய் ஜீப்பில் டிரெய்லரைக் கோத்து, அவரையும் ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் லாரிகளை எடை போடுகிற வே பிரிட்ஜுக்குப் போனேன். டிரெய்லரை மட்டும் மேடையில் கழற்றி விட்டு ஜீப்பை நகர்த்தினேன். என் ஷீட்படி 640 கிலோ.

கண்ணாடி அறைக்குள்ளிருந்த ஆள் தலையை நீட்டி, "சார், ஒளகே யாராத்ரு இதாரா? இளிசி!" என்றார். உள்ளே யாராவது இருந்தால் இறக்கு என்கிறார்.

"யாரும் இல்லையே!"

"நம்பர் நில்த்தா இல்லா சார்."

உண்மைதான். திரையில் எண் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே ஒருவர் புரண்டு படுத்தால் ஆடுமே, அப்படி. கடைசியில் 710-இல் நின்றது.

எழுபது கிலோ கூடுதல். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கதவைத் திறந்து பார்த்தேன், வெறும் பலகை. தண்ணீர் டேங்க் காலி. அப்படியென்றால் ஒன்றே ஒன்றுதான், சொன்ன தகட்டைப் போடாமல் ஷெட்டில் மிச்சம் கிடந்த கனமானதைப் போட்டு ஏமாற்றிவிட்டார். ஷெட்டுக்குத் திரும்பியதும் நேராகவே கேட்டேன்.

"அண்ணா, ரெண்டு எம்.எம். தகடுன்னு சொல்லிட்டு மூணு போட்டுட்டீங்களா?"

"இன்னா சார் சொல்றீங்க?"

"கணக்கு சொல்லுது. இதுல என் பொண்டாட்டி ஏறி உக்காரப் போறா. இழுவைக் கம்பியிலயும் இப்படித்தான் கை வெச்சீங்களா?"

அவர் முகம் சிவந்தது. சார் போய் நீ வந்தது. "முப்பது வருசமா இரும்பு புடிக்கிறேன், ஒருத்தன் என்னைத் திருடன்னதில்ல. இரு, நீயே அளந்து பாரு." டிரில்லை எடுத்து, தான் கட்டிய புத்தம்புதுத் தளத்தில் தானே துளை போட்டார். அளவு பார்த்தோம். சரியாக இரண்டு. இன்னோர் இடத்தில் துளைத்தார். இரண்டு. மூன்றாவது துளைக்கு வண்டியைச் சுற்றிக் கதவுப் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"யாரு உள்ள?"

"யாருமில்ல, இப்பதானே பார்த்தோம்."

"வில்லை தொங்குதே."

நம்பினால் நம்புங்கள், வே பிரிட்ஜில் கதவைத் திறந்தபோது அது தகட்டில் இடித்துக் கிணிங்கென்று சத்தம்கூடக் கேட்டது, இருந்த கோபத்தில் ஏதோ அழகுக்கு மாட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அன்னைக்கு நீ மாட்டினதா?"

"ஆமா."

"வெளிய வந்தப்ப எடுக்கல?"

"நான் கதவு வழியா வரல, பின்னால இறங்கிட்டேன்."

அவர் டிரில்லைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "உன் வெயிட்டு இன்னா?" என்றார்.

ஜிம்மில் வாரம் ஒரு முறை குறித்து வைக்கிறவன் நான். போன வாரம் குறித்ததைச் சொன்னேன். எழுபது.

சந்தேகம்தான் முதலில் வந்தது. மாட்டிக்கொண்ட ஆள் பேச்சை மாற்றுகிறார், சுரங்கக் கதை சொல்லிப் பயமுறுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். "ஏறு, அன்னைக்கு மாதிரியே படு. அப்பறம் கதவு வழியா இறங்கி நீயே எடு" என்றார். சரி, இந்த நாடகத்தையும் பார்த்துவிடுவோம் என்று ஏறினேன். எட்டு நாள் மூடிக் கிடந்த இடத்தில் புதுப் பலகை வாசனை வர வேண்டும். வந்தது, நான் தினமும் போடுகிற ஷேவிங் லோஷன் வாசனை. கண்ணை மூடிக்கொண்டு படுத்தேன். முதுகுக்குக் கீழே பலகை சூடாக இருந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன், ஷெட் கூரைக்குக் கீழே ஏது வெயில் என்று அப்போது தோன்றவில்லை.

கதவு வழியாக இறங்கினேன். நான் இறங்கியதும் ஸ்பிரிங் விட்டு வண்டி லேசாக மேலே எழும்பியது, எந்த வண்டியும் அப்படித்தான். வில்லையை ஆணியிலிருந்து எடுத்தேன். இரண்டு காலும் தரையில், கை வண்டியைத் தொடவில்லை, அப்போது இன்னொரு முறை எழும்பியது.

ஆரோக்கியம் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுபடி வே பிரிட்ஜ். எண் ஆடாமல் ஒரே அடியில் நின்றது. 640. "ஈகா சரி", இப்போது சரி, என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார் அந்த ஆள்.

அதற்குப் பிறகும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. டார்ச்சோடு அடியில் படுத்து ஒரு மணி நேரம் தேடினேன், எதையோ ஒளித்து வைத்து எடுத்துவிட்டாரோ என்று. எடுக்க அவருக்கு ஏது நேரம், என் கண் முன்னாலேயேதானே இருந்தார். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடுங்க சார்" என்று துளைகளை ரிவெட் வைத்து அடைத்துக்கொண்டே சொன்னார், "இனிமே பின்னால மட்டும் இறங்காதீங்க." மறுபடி சார் ஆகியிருந்தேன்.

நித்யாவிடம் இரண்டாவது சீட்டை மட்டும் காட்டினேன். கிளம்பினோம். மூன்றாம் நாள் காலை, சிக்கமகளூரு பக்கம் காபித் தோட்ட ஓரமாக நிறுத்தியிருந்தோம். நான் வெளியே காபி போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே படுத்திருந்தவள் கத்தினாள்.

"டேய் கார்த்தி, இது என்னடா, ஜெயில் கைதி மாதிரி கோடு போட்டு வெச்சிருக்க?"

தலைக்கு நேர் மேலே, விளக்குக்காக நான் வைத்த புள்ளிக்குப் பக்கத்தில், பென்சில் கோடுகள். நான்கு நேர்கோடு, அவற்றைக் குறுக்கே வெட்டி ஐந்தாவது. பக்கத்தில் இன்னும் சில.

"நான் போடல" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"உன் கோடுதான்டா இது. நீதான் அஞ்சாவது கோட்டைக் கீழ இருந்து மேல இழுப்ப, லெஃப்ட் ஹேண்டு. வீட்டுல தண்ணி கேன் கணக்கு இப்படித்தானே காலண்டர்ல போடுற?"

"அளவெடுக்கும்போது போட்டிருப்பேன்" என்றேன். நம்பிவிட்டாள். அன்றைக்குத் தொலைந்த பென்சில் பலகைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் கிடந்தது.

ஆரோக்கியம் அண்ணன்தான் போட்டிருப்பார் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் என் இடது கை இழுப்பு அவருக்கு எப்படித் தெரியும்? ஷெட் பூட்டிக் கிடந்த அந்த எட்டு நாளும் நான் ஈஜிபுரா வீட்டில் சாப்பிட்டேன், தூங்கினேன், ஆபீஸ் போனேன், எல்லாவற்றுக்கும் சாட்சி இருக்கிறது. கோடுகளை இன்னும் அழிக்கவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் படுத்ததும் கண் தானாக அங்கே போகிறது, எண்ணுகிறேன். எட்டு முழுக் கோடு. ஒன்பதாவது பாதியில் நிற்கிறது, இழுத்துக்கொண்டிருந்தவனை யாரோ வெளியே கூப்பிட்டது மாதிரி.