திரையை மாற்றியது சரிதான்

பழைய வீடியோ கேமுக்குப் புதுத் திரை போடுவது தேவையா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. தேவையில்லை என்று நேராகவே சொன்னார்கள். என் வீட்டுக்காரர் சொன்னார். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் அக்கா சொன்னாள். கடைசியில் திரையை விற்கிற கடைக்காரரே சொன்னார். அவர்கள் சொன்ன காரணம் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் போட்டது சரி என்றுதான் சொல்வேன்.

அந்த கேம் எனக்குக் கம்பெனி ஆண்டு விழாக் குலுக்கலில் விழுந்தது. இரண்டு கையிலும் பிடித்து ஆடுகிற சின்னப் பெட்டி. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மேடையில் என் டோக்கன் நம்பரைப் படித்ததும் எழுந்து போகவே எனக்குக் கூச்சம். வாங்கிக்கொண்டு இறங்கியதும் என்னோடு லைனில் வேலை செய்கிற எல்லோரும், இது உனக்கெதுக்கு, சின்னப் பசங்க இருக்கிற வீட்டுக்குக் குடு என்றார்கள். ஒருத்தி குக்கருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தன் பரிசை நீட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதுமே நான் ஒன்றும் சொல்வதில்லை. பையில் போட்டு ஜிப்பை மூடிவிட்டேன்.

பேரிகையிலிருந்து பாகலூர் வழியாக ஓசூர் சிப்காட்டுக்கு எங்கள் பஸ் முக்கால் மணி நேரம் எடுக்கும். போக முக்கால், வர முக்கால். அந்த நேரத்தில்தான் ஆடுவேன். வீட்டில் ஆடியது குறைவு.

"போன்லயே ஆயிரம் கேம் இருக்குது. அந்த டப்பாவ எதுக்குத் தூக்கிக்கினு திரியற?" என்பார் வீட்டுக்காரர். அவர் தோட்டத்தில் தக்காளி போடுகிறவர். மார்க்கெட் விலையிலிருந்து மருந்துக் கடை வரைக்கும் எல்லாம் அவருக்குப் போனில்தான்.

"போன்ல ஆடினா நீங்க கூப்பிடுவீங்க" என்றேன் ஒருநாள். அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியில் யாரும் கூப்பிட முடியாது. பாலுக்கு யார் போவது, மோட்டார் ஏன் ஓடவில்லை, நாளைக்கு ஓவர்டைம் வருவாயா, இதில் ஒன்றும் அதற்குள் வராது. அது எனக்குப் பெரிய விஷயம்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அக்கா பாகலூரில் ஏறுவாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். நானும் அவளும் ஒரே மேஜையில் ஒரே வேலை செய்கிறோம். நான் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"ஏண்டி, தலை நரைச்சிப் போச்சு, இன்னும் டொக்கு டொக்குனு தட்டிக்கினு இருக்கிற. நாளைக்கு மருமவன் வந்தா அவனுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுப்பியா?"

"குடுப்பேன்."

"இதுக்கு மட்டும் வாய் வருது பாரு."

நான் ஆடுவது ஒரே ஆட்டம்தான். ஒரு சின்ன உருவம் குகைக்குள் நடந்துபோக வேண்டும். தரையில் குழிகள் வரும், தாண்ட வேண்டும். இரண்டு வருஷமாக அந்தக் குழிகள் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கறுப்புத் தரையும் கறுப்புக் குழியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. சாயங்காலம் ஜன்னல் வெயில் வேறு அடித்தால் திரையில் என் முகம்தான் தெரியும். சாய்த்துப் பார்ப்பேன், முந்தானையால் மறைத்துப் பார்ப்பேன், கையைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பேன்.

"அது என்னா உன்னக் கடிக்குமா? இவ்ளோ தூரம் நீட்டிக்கினு இருக்கிற" என்றாள் அக்கா.

திரை பழசாகிவிட்டது என்றேன். அதை நானும் நம்பினேன். நம்பாவிட்டால் வேறொன்றை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அது என்னவென்று சொல்ல என் வேலையைச் சொல்ல வேண்டும். அலுமினிய மூடிகளைக் கண்ணால் பார்த்துத் தேர்வு செய்கிற வேலை. தலைக்கு மேலே வெள்ளை விளக்கு. மூடியைக் கையுறையோடு எடுத்து, விளக்குக்கு நேரே திருப்பி, ஊசிமுனை அளவு ஓட்டை, கீறல், பிசிறு எதுவும் இல்லையென்றால் நீலத் தட்டு. இருந்தால் சிவப்புப் பெட்டி. சிவப்புப் பெட்டிக்குப் பூட்டு உண்டு, போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. பதினேழு வருஷமாக இதுதான். பத்தாவது வரைக்கும் படித்த எனக்கு, நான் ஒழுங்காகச் செய்வேன் என்று நானே நம்பிய வேலை இது ஒன்றுதான்.

எங்கள் லைனில் கண்ணாடி போட்டவர்கள் பேக்கிங்குக்குப் போய்விடுவார்கள். அப்படி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. முதலில் ஒருத்தி போனாள், பிறகு இன்னொருத்தி போனாள், அப்படியே வழக்கமாகிவிட்டது. பேக்கிங்கில் நாள் பூராவும் நிற்க வேண்டும், பெட்டி தூக்க வேண்டும். அதைவிட, இவள் கண் போய்விட்டது என்று கேன்டீன் வரைக்கும் பேச்சு வரும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை முகாம் வந்தால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. முதலில் போய்வருகிறவர்கள் அட்டையில் இருக்கிற சின்ன எழுத்துப் பத்தியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். பரீட்சைக்குக்கூட நாங்கள் அப்படிப் படித்ததில்லை.

போன வருஷ முகாமில் என் முறை வந்தது. கடைசிப் பத்தி ஏரியில் தண்ணீர் நிரம்பியதைப் பற்றியது. கண்ணெதிரே எறும்பு வரிசை மாதிரி ஏதோ இருந்தது. நான் கடகடவென்று ஒப்பித்தேன். முடித்த பிறகுதான் கவனித்தேன். அட்டையைப் பிடித்திருந்த பெண்ணின் கட்டைவிரல் பாதி வரியை மறைத்துக்கொண்டிருந்தது. விரலுக்கு அடியில் இருந்ததையும் சேர்த்துப் படித்திருக்கிறேன். அந்தப் பெண் தன் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள். சீட்டில் நார்மல் என்று எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்து அக்காவிடம் சொன்னபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு மேஜைக்குத் திரும்பியபோது மட்டும் ஒவ்வொரு மூடியையும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன்.

இதற்கு நடுவில்தான் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு போன் ரிப்பேர் கடையில் பழைய வீடியோ கேம்களுக்குப் புதுத் திரை போட்டுத் தருகிறார்கள் என்று தெரிந்தது. வார லீவு நாள் ஒன்றில் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பேச்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் மாறிமாறி வரும். கேட்பதற்கு முன் மூன்று பேருக்கு வழிவிட்டு ஓரமாக நின்றேன். அவரே கூப்பிட்டார்.

"பசங்களோடதா அக்கா?"

"என்னோடது."

அவர் சிரிக்காமல் கையை நீட்டிப் பெட்டியை வாங்கினார். அந்த மரியாதைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. பெங்களூரிலிருந்து வரவழைத்த புதுத் திரை போட்ட ஒரு பெட்டியைக் காட்டுவதற்காக எடுத்து, என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். என் பெட்டியில் செருகியிருந்த ஆட்ட அட்டையை எடுத்து அதில் போட்டு, அதே குகையைக் கொண்டுவந்தார். வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. கறுப்பு நல்ல கறுப்பாக இருந்தது. ஆனால் குழியின் ஓரம் பழையதில் எப்படிக் கலங்கியிருந்ததோ அப்படியேதான் கலங்கியிருந்தது. நான் கையைத் தள்ளிப் பிடித்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு ஆட்ட அட்டையைத் திரும்ப என் பெட்டியில் போட்டு, மூக்கிலிருந்த தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து நீட்டினார்.

"ஒருவாட்டி இதப் போட்டுப் பாருங்க அக்கா. புதுசுல இல்ல, உங்க பழசுல பாருங்க."

போட்டேன். என் பழைய, மங்கிப்போன திரையில் குழியின் ஓரம் கத்தி வைத்து வெட்டிய மாதிரி தெரிந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த கோடு தெரிந்தது. அந்தச் சின்ன உருவத்துக்குக் கண் இருப்பது எனக்குத் தெரியும், மறந்திருந்தேன்.

"டிஸ்ப்ளே பேடக்கா" என்றார் கன்னடத்தில். "வேணாம். வெள்ளெழுத்து, அவ்ளோதான். எதிர்ல கண்ணாடிக் கடை இருக்குது. எனக்கு வியாபாரம் போவுது, போனாப் போவுது. இல்லாதத இருக்குதுன்னு சொல்லி மாட்டிவிட மாட்டேன்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. திரைக்காக இல்லை. ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள் என்று சம்பளம் வாங்குகிற நான், இரண்டு வருஷமாக எத்தனை ஓட்டையை நீலத் தட்டில் போட்டிருப்பேனோ தெரியாது. விரலுக்கு அடியில் படித்தது அப்போதுதான் சிரிப்பாக இல்லாமல் போனது.

எதிர்க் கடைக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். கண்ணாடி அன்றைக்கே கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டே ரிப்பேர் கடைக்குத் திரும்ப வந்தேன்.

"டிஸ்ப்ளே மாத்துங்க."

"அதான் சரியாய்டுச்சே அக்கா, இன்னும் எதுக்கு?"

"மாத்துங்க."

இந்தக் கண்ணாடியோடு இரண்டு பெட்டியையும் மறுபடி பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். தேர்வு செய்வது என் வேலை. பழையதை வைத்தே ஓட்டலாம், அதில் சந்தேகமில்லை. புதியது நன்றாக இருந்தது. சிவப்பு சிவப்பாக இருந்தது. கடை வாசல் வெயிலில் பிடித்தபோதும் படம் போகவில்லை. குறையும் பார்த்தேன். பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்று அவரே சொன்னார். பெட்டி மூடியின் உள்பக்கத்தை ஒரு மூலையில் கொஞ்சம் செதுக்கினால்தான் திரை உட்காரும், செதுக்கிய இடம் எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். எல்லாம் பார்த்து, வேண்டும் என்று தோன்றியது, வாங்கினேன். என் வாழ்க்கையில் குக்கர், மோட்டார், பீரோ என்று தேவைக்கு வாங்கியது நிறைய. எனக்குப் பிடித்தது என்பதற்காக வாங்கியது இது ஒன்று. அதற்குக் காரணம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஷிப்ட். மேஜையில் உட்கார்ந்து கண்ணாடியை எடுத்துப் போட்டேன். அக்கா முழங்கையால் இடித்தாள்.

"கழட்டுடி. லைன் லீடர் வர்றான்."

"வரட்டும்."

"பைத்தியமா உனக்கு? பேக்கிங்ல போயி நிக்கப் போறியா? முகாமுக்கு இன்னும் நாள் இருக்குது. அட்டை மாறாது, நான் சொல்லித் தர்றேன்."

"வேணாங்க்கா."

லைன் லீடர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நல்ல மாதிரிதான். வந்து நின்றார்.

"என்னக்கா புதுசா?"

"கண்ணாடி."

"அது தெரியுது." மற்றவர்களைச் சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நாளையிலருந்து பேக்கிங் பாத்துக்கறீங்களா? கஸ்டமர் ஆடிட் வர்ற நேரம். இங்க யாரையாவது போட்டுக்கறேன்."

சரி என்று சொல்வதுதான் என் வழக்கம். அன்றைக்கு வேறொன்று சொன்னேன்.

"புதுசா வர்றவங்களுக்கு டெஸ்ட் வைப்பீங்களே, நல்லதும் கெட்டதும் இருபது பீஸ் கலந்து. அத எனக்கு வைங்க. கண்ணாடியோட வைங்க. ஒரு கெட்ட பீஸ் விட்டாலும் நானே பேக்கிங் போறேன்."

பக்கத்து மேஜைகளில் எல்லோரும் மூடிகளைப் பிடித்தபடி பார்த்தார்கள். பதினேழு வருஷத்தில் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் கொஞ்சம் யோசித்து, பீரோவைத் திறந்து, அடியில் நம்பர் ஒட்டிய இருபது மூடிகளைக் கொண்டுவந்து வைத்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எடுத்தேன், திருப்பினேன், வைத்தேன். கெட்டது ஏழு என்று தனியாக வைத்தேன். அவர் தன் விடைத் தாளோடு நம்பரை ஒத்துப் பார்த்தார்.

"கெட்டது ஆறுதாங்க்கா. ஒரு நல்லதக் கெட்டதுன்னு வெச்சிருக்கீங்க."

"கெட்டத நல்லதுன்னு வெச்சனா?"

தாளை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார். "இல்ல."

"அப்பறம்?"

நல்லதை ஒதுக்கினால் திட்டு உண்டு, ஆனால் பாஸ். கெட்டதை விட்டால்தான் பெயில். அந்த விதி அவருக்கும் தெரியும். நெற்றியைச் சொறிந்தார். சுவரில் எங்கள் போட்டோ வரிசையாக ஒட்டி, யாருக்கு எந்த வேலை தெரியும் என்று போட்டிருக்கும் பலகைக்குப் போனார். ஆடிட்டில் கேட்பார்கள், எழுதிவைத்துவிடலாம் என்று சொல்லி, என் போட்டோவுக்குப் பக்கத்தில் பேனாவால் 'கண்ணாடியுடன்' என்று எழுதினார். மூலையில், மிகச் சின்னதாக, யாருக்கும் தெரிய வேண்டாம் என்கிற மாதிரி.

நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"பெருசா எழுதுங்க சார்" என்றேன்.