சாய்வாக ஒட்டிய மழை

வாழ்த்து அட்டைக் கடை அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம். கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டு முன்னறை, ஒரு நீள மேசை, தெருவைப் பார்த்த ஜன்னல். அட்டைகளைக் கையாலேயே செய்து விற்றாள். அவள் வெட்டினால் ஒரு நூல் பிசகாது. ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும், அந்தக் கடைக்கு உயிர் கொடுத்தவள் அவள் தங்கை.

தங்கைக்குக் கண்ட கண்ட தாளிலும் ஏதாவது தெரியும். அலுவலக உறைகளின் உட்புறத்தில் நீலமாக நெளிநெளியாய் அச்சடித்திருக்குமே, அது அவளுக்குக் கடல். கட்டம் போட்ட தாள் என்றால் மாடிவீட்டு ஜன்னல்கள். ஒருமுறை பூப்போட்ட தாளில் பூவையெல்லாம் ஒதுக்கிவிட்டு இலைகளை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, பூவுக்குத்தானேடி காசு கொடுத்தேன்!"

"பூவை எல்லாரும்தான் பாக்கறாங்க. பாவம்க்கா இலை."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான். ஒரு நாள் தங்கை கோடு போட்ட தாளைச் சாய்வாக ஒட்டி, அதன்மேல் குடை பிடித்த இரண்டு பேரை நிற்க வைத்திருந்தாள். அக்கா கண்ணுக்கு அது வெறும் கோணல். அட்டை வாங்க வந்தவர் முன்னாலேயே, "இந்தக் கோணக்கையை வச்சுக்கிட்டு என் பேரைக் கெடுக்காதே" என்று இரண்டாகக் கிழித்துப் போட்டாள்.

"அது காத்துல அடிக்கிற மழைக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போன தங்கை திரும்பி வரவில்லை.

கல்யாணமாகி அவள் அதே ஊரில்தான் இருந்தாள். இருந்தும் பேச்சுவார்த்தை அற்றுப்போனது. தப்பு தன்மேல்தான் என்று அக்காவுக்கு அடுத்த மழையிலேயே தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அது சாய்ந்துதான் பெய்தது. போய் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? வீம்பு! நல்ல வருஷங்கள் எல்லாம் அந்த வீம்பிலேயே போயின.

ஒரு மத்தியானம் தங்கையின் கணவன் கடைக்கு வந்தான். முகமே சரியில்லை.

"அக்கா, அவளுக்கு ரொம்ப முடியல. இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லைன்னு டாக்டர் வீட்டுக்கு அனுப்பிட்டாரு. உங்களைப் பாக்கணும்கறா. இப்பவே வாங்க."

அக்கா சட்டென்று எழுந்தாள். செருப்பில் காலை நுழைத்தவள் நின்றுவிட்டாள். வெறுங்கையோடு போய் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? மன்னிப்பு என்கிற சொல் அவள் வாயில் வந்து பழக்கமில்லாத சொல்.

"நாளைக்குக் காலைல முதல் வேலையா வந்துடறேன் தம்பி. ஒரே ஒரு வேலை இருக்கு" என்றாள்.

அந்த வேலை ஓர் அட்டை. கோடு போட்ட தாளை எடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் சாய்த்து வைத்து வெட்டினாள். சாய்வான மழை, ஒரே குடை, அதற்குள் இரண்டு பெண்கள். கண்ணீர் தாளில் விழாமல் இருக்கத் தலையைத் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஒட்டி முடித்தபோது வெளிச்சம் இருந்தது. அப்போதாவது கிளம்பியிருக்கலாம். மெல்லிய தாள், பசை ஈரத்தில் உப்பிக்கொள்ளும், விடியும்வரை பாரத்துக்கு அடியில் இருந்தால்தான் படியும் என்று உட்கார்ந்துவிட்டாள். தொழிலில் அவ்வளவு சுத்தம், மகராசி!

காலையில் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போனபோது, தங்கை வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். அவளைக் கண்டதும் விலகி வழி விட்டார்கள்.

"விடியறப்போ போயிட்டாக்கா" என்றான் தங்கையின் கணவன். "நேத்து நல்லா எழுந்து உக்காந்தா. நீங்க நாளைக்குத்தான் வருவீங்கன்னு சொல்லியும் கேக்கல. 'அக்காவுக்கு மனசு பொறுக்காது, இன்னைக்கே வந்துடும் பாரு. எனக்குத் தலை பின்னி விடு'ன்னா. எனக்கு எங்க பின்ன வரும்? அவளே சொல்லிச் சொல்லிப் பின்ன வச்சா. அப்புறம் வாசலையே பாத்துட்டு இருந்தா."

அக்கா பையைத் திறக்கவில்லை. கட்டிலருகே போய் நின்றாள். தங்கையின் தோளில் அந்தப் பின்னல் கலையாமல் கிடந்தது. குனிந்து அதைத் தொட்டாள்.

"நல்லாத்தான் பின்னியிருக்கீங்க தம்பி" என்று சொன்னவள் அப்படியே தரையில் மடிந்து உட்கார்ந்துவிட்டாள்.