மூடியில் இருந்த எழுத்து

எங்கள் நெல் மூட்டைகளை ஏற்றும் பிக்கப் வண்டியை ஓட்டியவன், எங்கள் வயலுக்கு நடவுக்கு வருகிறவளின் புருஷன். அறுவடை மும்முரத்தில் ஒருநாள், "பிரேக் பேடு தேஞ்சிருச்சும்மா, அதான் பிரேக் ஆயிலும் எறங்கிருக்கு. கும்பகோணம் போயி மாத்திட்டு வந்துடுறேன்" என்றான்.

"நெல்லு எல்லாம் போயி சேரட்டும்" என்றேன். பம்புசெட்டு இன்ஜினுக்கு வாங்கிய ஆயில் கொட்டகையில் இருந்தது. அதை எடுத்துவந்து, வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து நானே ஊற்றப் போனேன்.

"வேணாம்மா, இதுக்கு வேற ஆயிலு. மூடியிலயே எழுதிருக்கு, படிச்சுப் பாருங்க."

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். களத்து ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கிட்ட வேல பாக்குறவன், எனக்கே பாடம் நடத்துறியா?" என்று டப்பாவில் போட்டிருந்த கோடு வரைக்கும் ஊற்றினேன்.

நாலாம் நாள் வாய்க்கால் மதகில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி கவிழ்ந்து அவன் வலது கால் நசுங்கியது.

பிறகு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் மூடியைத் திறந்து முகர்ந்தார். "யாரு இதுல இன்ஜின் ஆயில ஊத்துனது? ரப்பரெல்லாம் வீங்கிக் கெடக்கு."

கம்பு ஊன்றி நின்றவன் என்னைப் பார்த்தான். கூட வந்திருந்த என் மகன் அவனைப் பார்த்தான்.

"பத்தாவது படிச்சவன் இவன்தான. மூடியில உள்ளத படிக்க வேணாமா?" என்றேன்.

அவன் கம்பை ஊன்றி வெளியே நடந்தான். அன்றோடு வேலையும் போயிற்று.

அவன் பெண்டாட்டி இன்னமும் நடவுக்கு வருகிறாள். நான் வரப்பில் நிற்கிற வரைக்கும் அவள் நிமிர்வதில்லை. நானும் இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.